இரண்டு வீட்டுக்கும் ஒரே அளவு

ரங்கூன் கடிதத்தை வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு முன்னால் எழுதி முடித்துவிடுவது எங்கள் கடை வழக்கம். முதலாளி குலாம் ரசூல் சாயபு சொல்லச் சொல்ல நான் எழுதுவேன். முதலில் சலாம், அடுத்து இரு வீட்டாரின் சுகம், அதற்கப்புறம் சரக்கு, கடைசியில்தான் பணம். இந்த வரிசை மாறக் கூடாது. பணத்தை முன்னால் எழுதினால் தம்பி பயந்துவிடுவாராம்.

தம்பி என்றால் காதர். ராயப்பேட்டை ஹை ரோட்டில் எங்கள் கைலிக் கடை. ரங்கூனில் மொகல் தெருவை ஒட்டிய ஒரு சந்தில் காதருடைய கடை. இங்கிருந்து கைலிகளைக் கட்டுக் கட்டாகக் கப்பலேற்றுவோம். அவர் அங்கே விற்பார். அங்கேயும் இதே ரூபாய்தான், இதே ராஜா தலைதான். சிங்கப்பூர்க்காரர்களைப் போல டாலருக்கு இன்று என்ன விலை என்று கேட்டுக்கொண்டு நிற்க வேண்டியதில்லை.

இருவரையும் பெற்ற அத்தா மௌத்தாவதற்கு முன்னால் ஒரு ஏற்பாடு செய்துவிட்டுப் போயிருந்தார். கடை இரண்டு, பெட்டி ஒன்று. லாபம் எந்தக் கரையில் வந்தாலும் பொது. வீட்டுச் செலவுக்கு மாதா மாதம் இரண்டு பேரும் ஒரே தொகைதான் எடுக்க வேண்டும். நான் வேலைக்கு வந்தபோது அது எண்பது ரூபாய். அண்ணனுக்கு ஒரு மகள் ஷாகிரா மட்டும். தம்பிக்கு நாலு பிள்ளைகள். ஆனாலும் எண்பதுக்கு எண்பது. ஒரு ரூபாய் ஏறினாலும் அண்ணன் தம்பி முகம் கொடுத்துப் பேச முடியாமல் போய்விடும் என்பது அத்தாவின் கணக்கு.

அண்ணனுக்கும் தம்பிக்கும் வாழ்க்கைப்பட்டவர்கள் அக்காவும் தங்கையும். அக்கா நஸ்ருன்னிசா இங்கே. தங்கை ஜமீலுன்னிசா ரங்கூனில். கடைக்கும் வீட்டுக்கும் நடுவில் ஒரு வாசல், அதில் பச்சைத் திரை. ஆறு வருஷத்தில் முதலாளியம்மாவின் முகத்தை நான் பார்த்ததில்லை. குரலை நன்றாகத் தெரியும். முதலாளி கடிதத்தை முடித்துவிட்டுத் தொழப் போனதும் திரை லேசாக அசையும்.

"இன்னா உமரு, எழுதிட்டாரா உன் முதலாளி? எதுனா எடம் கீதா கீழே?"

"நாலு விரற்கடை இருக்கும்மா."

"போதும். ஜமீலாவுக்கு எழுது. சின்னவனுக்கு இருமல் நின்னுச்சான்னு கேளு. மீன் கொழம்புல புளிக்குப் பதிலா இன்னாத்தையோ ஊத்தறாளாமே, அது வேணாம்னு சொல்லு."

எழுதுவேன். இப்படியாக இரு வீட்டுச் சமாசாரமும் என் பேனா வழியாகத்தான் கடலைத் தாண்டிக்கொண்டிருந்தது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதின் கடைசியில் பர்மாவில் நெல் விலை சரிந்தது. நெல்லை விற்றுத்தானே அங்குள்ளவர்கள் கைலி வாங்க வேண்டும்? வியாபாரம் படுத்தது. நெல் நல்ல விலைக்கு விற்ற காலத்தில் கடையைப் பெரிதாக்குவதற்காகக் காதர் ஒரு செட்டியாரிடம் ஐயாயிரம் வாங்கியிருந்தார். வட்டி மாதம் ஐம்பது. நெல் விலை பாதியானது. கைலி விலையும் இறங்கியது. ஐம்பது மட்டும் ஐம்பதாகவே இருந்தது.

முதலாளிக்கு வட்டி என்றாலே ஆகாது. கொடுப்பதும் ஹராம் என்று படித்தவர். தம்பி வாங்கியது தெரிந்த அன்று ராத்திரி அவர் சாப்பிடவில்லை என்று முதலாளியம்மா சொன்னார்கள். "கடனைத் தீர்த்துட்டுத்தான் எனக்குச் சோறு ருசிக்கும்" என்பது அவர் பேச்சு. ஆயிரமாகச் சேர்த்துக் கொண்டுவந்தால்தான் அசலில் கழிப்பேன் என்று செட்டியார் சொல்லிவிட்டதால், முதலில் ஆயிரத்தைச் சேர்க்க வேண்டும் என்று முடிவெடுத்தார்.

முப்பத்தொன்றாம் வருஷம் அக்டோபரில் எண்பதை அறுபதாக்கினார். இரண்டு வீட்டுக்கும்தான். டிசம்பரில் ஐம்பது. சர்க்கார் உத்தியோகஸ்தர்களுக்குச் சம்பளத்தில் பத்தில் ஒரு பங்கு வெட்டு என்று பத்திரிகையில் வந்த நேரம் அது. முதலாளிக்கு அதில் ஒரு சந்தோஷம்.

"பாத்தியாடா உமரு? வைசிராயே செலவைக் குறைக்கிறான். ராயப்பேட்டை குலாம் ரசூல் குறைக்கக் கூடாதா?"

திரைக்குள்ளிருந்து பதில் வந்தது. "வைசிராய் பொண்டாட்டி அரிசிக் கடைக்காரன்கிட்ட போய் நிக்கல. நான் நிக்கறேன்."

"நீ எங்க போய் நிக்கற? அவன் வாசலுக்குக் கொண்டாந்து போடறான்."

"போடறவன் பாக்கிற பார்வை இருக்கே, அதுக்கு நின்னுக்கினே இருக்கலாம்."

ஜனவரியில் நாற்பதாயிற்று. ரமலான் மாதம், நோன்புக் கஞ்சியில் கறி நின்று போனது. ஆனாலும் இந்த வீடு சமாளித்தது என்றுதான் சொல்ல வேண்டும். அரிசி மலிந்திருந்தது. கடை வியாபாரமும் மோசமில்லை. ஏனென்றால் இங்கிலாந்தில் தங்கத்துக்கும் பணத்துக்கும் இருந்த முடிச்சை அவிழ்த்துவிட்டார்களாம். பதிமூன்றரை ரூபாய் விற்ற பவுன் பதினெட்டுக்கு ஏறிவிட்டது. மைலாப்பூரிலும் மாம்பலத்திலும் பெட்டியில் கிடந்த பழைய நகைகளை விற்றுவிட்டு, கையில் ரூபாயோடு ஜனங்கள் இருந்தார்கள்.

காதரின் பதில்கள் எப்போதும் ஒரே மாதிரி வரும். "அண்ணன் அவர்கள் உத்தரவுப்படி செலவைக் குறைத்துக்கொண்டோம். இங்கு எல்லாரும் சுகம்." உள்ளே மடித்து ஒரு பத்து ரூபாய் நோட்டு. "எங்களுக்கு இவ்வளவு தேவைப்படவில்லை. கடன் அடைக்கும் பணத்தோடு சேர்த்துக்கொள்ளவும்." முதலாளி அந்த நோட்டைக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். "எந்தத் தம்பிடா இப்படி இருப்பான்?" என்று கேட்டு, பெட்டிக்குள் தனியாக ஒரு துணியில் முடிந்து வைப்பார்.

எனக்கு ஒரு பழக்கம் உண்டு. வருகிற கடிதங்களைத் தேதிவாரியாகக் கம்பியில் குத்திவைப்பேன். அவற்றிலுள்ள விற்பனைத் தொகையைத் தனியாக ஒரு தாளில் எழுதிவருவேன். செப்டம்பரில் ரங்கூன் விற்பனை தொள்ளாயிரம். அக்டோபர் குறைப்புக்குப் பிறகு எழுநூறு. டிசம்பருக்குப் பிறகு ஐந்நூற்றிருபது. ஜனவரியில் முந்நூற்றெண்பது. முதலாளி ஒவ்வொரு தடவையும் இதைப் பார்த்துவிட்டு, "வியாபாரம் இறங்குது, அதனால செலவை இன்னும் இறக்கணும்" என்பார். எனக்குக் கணக்கில் ஏதோ இடிக்கும். ஆனால் சம்பளக்காரன் எதற்கு வாயைத் திறக்க வேண்டும் என்று சும்மா இருந்துவிட்டேன். அது என் தப்பு.

பெருநாள் கழிந்து இரண்டு வாரம் இருக்கும். ஹபீபுர் ரஹ்மான் என்று ரங்கூனில் வெற்றிலை வியாபாரம் செய்கிறவர் கப்பலிறங்கி நேரே கடைக்கு வந்தார். முதலாளி வெளியே போயிருந்தார். "இது அக்காவுக்கு, அவங்க கையிலதான் கொடுக்கணும்னு சொன்னாங்க" என்று ஒரு துணிப் பொட்டலத்தைத் திரைக்கு அடியில் தள்ளிவிட்டுப் போனார்.

உள்ளே பொட்டலத்தைப் பிரிக்கிற சத்தம் கேட்டது.

"உமரு, பவுன் இன்னைக்கு இன்னா விலை?"

"பதினெட்டு சொல்றாங்கம்மா."

"ஆறு பவுன் வளையலுக்கு?"

"கூலி, சேதாரம் கழிச்சா நூறு தேறும்."

திரைக்கு அடியில் ஒரு ஜோடி வளையலும் ஒரு துண்டுக் கடிதமும் வந்தன. கடிதம் அரபு எழுத்தில் எழுதிய தமிழ். ஜமீலுன்னிசாவுக்குத் தெரிந்த எழுத்து அதுதான். எங்கள் ஊர்ப் பள்ளிவாசலில் காலையில் ஓதிவிட்டுத்தான் பாடசாலைக்குப் போவோம். எனக்கும் அது வாசிக்க வரும்.

"அக்கா, இதை அவருக்கும் மச்சானுக்கும் தெரியாமல் விற்று அனுப்பு. கடை வாடகை இரண்டு மாதம் பாக்கி. மார்ச் முடிவதற்குள் கொடுக்காவிட்டால் கடையைக் காலி செய்யச் சொல்லிவிட்டான். செட்டியார் வட்டியும் மூன்று மாதமாகப் போகவில்லை. வீட்டுச் செலவு போதாமல், கடையில் வேலைக்கு இருந்த மவுங் தின்னை இவர் நிறுத்திவிட்டார். பர்மாக்காரப் பெண்களைச் சரக்குப் பார்க்கக் கூப்பிட்டு வந்து உட்காரவைக்கிறவன் அவன்தான். கியாஸ் விளக்கையும் ஏற்றுவதில்லை. பொழுது சாய்ந்ததுமே, மஃரிபோடு கடை மூடிவிடுகிறது. இங்கே வியாபாரமே மஃரிபுக்குப் பிறகுதான். கடை போய்விட்டால் என்ன முகத்தோடு அண்ணன் முன்னால் போய் நிற்பேன் என்று இவர் தூங்குவதில்லை."

வாசித்து முடித்தபோது திரைக்கு அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. பிறகு குரல் மாறியது.

"நாப்பதுல பத்து நமக்கு அனுப்பிக்கினு கீது அந்தப் பைத்தியம். வரட்டும் உன் முதலாளி."

முதலாளி அஸர் தொழுகை முடிந்து வந்தார். மெத்தையில் உட்கார்ந்து தொப்பியைக் கழற்றுவதற்குள், வளையல் இரண்டும் திரைக்கடியில் உருண்டு வந்து அவர் முழங்காலில் இடித்து நின்றன.

"இது யாரோடது?"

"உங்க தம்பி பொண்டாட்டியோடது. உமரு, படி."

படித்தேன். முதலாளியின் முகம் வெளுத்துவிட்டது. வளையல்களை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"நான் அவனுக்கு என்னா குறை வெச்சேன்? அவனுக்கு நாப்பதுன்னா எனக்கும் நாப்பது. ஒரு காசு நான் கூட எடுத்திருந்தா நாக்கைப் பிடுங்கிக்கறேன்."

"அதாங்க குறை" என்றார்கள் முதலாளியம்மா. "ரெண்டு பேருக்கும் ஒரே அளவு சட்டை தெச்சீங்க. ஒருத்தன் உடம்பு கிழியுது. இங்க மூணு வயிறு, அங்க ஆறு. இங்க ஜனங்க கையில காசு கீது, அங்க இல்ல."

"அத்தா சொன்ன வார்த்தை..."

"அத்தா சொன்னப்போ நெல்லு என்னா விலை?"

முதலாளி என் பக்கம் திரும்பினார். "நீ இன்னாடா முழிக்கிற? எதையோ முழுங்கிக்கினு கீறே."

தாளை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். "சாயபு கோவிக்கக் கூடாது. ஐந்து மாதத்தில் நம் பெட்டியில் இந்த வீட்டுக் குறைப்பால் நூற்றைம்பது சேர்ந்திருக்கிறது. தம்பி அனுப்பியது ஐம்பது. மொத்தம் இருநூறு. அதே ஐந்து மாதத்தில் அங்கே வட்டி பாக்கி நூற்றைம்பது, வாடகை பாக்கி எழுபது. ஆக இருநூற்றிருபது. கடன் குறையவில்லை, இருபது ரூபாய் கூடியிருக்கிறது. விற்பனை மாதத்துக்கு ஐந்நூற்றிருபது போய்விட்டது. நாம் ஒவ்வொரு தடவை இழுத்துக் கட்டும்போதும் அங்கே ஒரு விளக்கு அணைகிறது."

கடைசி வாக்கியத்தைச் சொல்லியிருக்க வேண்டாம். முதலாளி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அவன் கஷ்டத்துக்குன்னு அவன் காசையே முடிஞ்சு வெச்சேன்டா."

அந்த நேரம் பார்த்து வாசலில் ஜட்கா வந்து நின்றது. மைலாப்பூரிலிருந்து கோமளம் அம்மாள். வக்கீல் வீட்டு அம்மா. படுக்கை விரிப்புக்கு வருஷா வருஷம் வருகிறவர்.

"என்ன பாய், கடையில யாருக்காவது உடம்பு சரியில்லையா? எல்லார் முகமும் இப்படி இருக்கே!"

"ஒண்ணுமில்லம்மா, உக்காருங்க. இன்னா வேணும்?"

"விரிப்புதான். அப்புறம் ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். மாம்பலத்துல எங்க நாத்தனார் ஆத்துல ஒரு பர்மாப் பட்டு பாத்தேன். என்ன வழவழப்பு! எங்காத்துக்காரர் பழைய ஒட்டியாணத்தை வித்துட்டு வந்தார். பாங்கில போடறேன்ங்கிறார். அதுக்கு முன்னாடி நான் ஒரு பட்டாவது வாங்கிண்டுடணும். இங்க எங்கேயும் கிடைக்கலையே."

"அதெல்லாம் நம்ம கடையில வராதும்மா" என்றார் முதலாளி, மனசு எங்கேயோ இருக்க.

"வரும்!" என்றது திரை.

கோமளம் அம்மாள் திடுக்கிட்டார். முதலாளி அதைவிட.

"யாரு, உங்காத்துக்காரியா?"

"ஆமாம்மா, நான்தான். ரங்கூன்ல எங்க கொழுந்தனாரு கடை கீது. மாந்தளேப் பட்டு எந்தக் கலர் வேணும்னாலும் அனுப்புவாரு. ஒண்ணா, ரெண்டா?"

"என் ஓரகத்திகள் ரெண்டு பேரும் கேப்பா. மூணு. விலை?"

"மூணுக்கும் அம்பது ஆகும், பாதி முன்பணம் குடுத்துட்டுப் போங்க. சரக்கு வந்ததும் பிடிச்சா எடுங்க, பிடிக்கலேன்னா பணத்தைத் திருப்பிக்குங்க."

கோமளம் அம்மாள் இருபத்தைந்து ரூபாயை எண்ணி வைத்துவிட்டு, ஜட்கா ஏறும்போது ஊதா வேண்டாம், மயில் கழுத்துக் கலர்தான் வேண்டும் என்று இரண்டு தரம் சொல்லிவிட்டுப் போனார். விரிப்பை மறந்துவிட்டார்.

"பணத்தைத் திருப்பித் தரேன்னு யாரைக் கேட்டுச் சொன்னே?" என்றார் முதலாளி.

"ஏன், நீங்களே கட்டிக்குங்களேன்."

"பட்டு ஆம்பளைக்கு ஹராம்டி!"

"அப்போ திருப்பிக் குடுக்காம விக்கற வழியைப் பாருங்க. நம்ம தெருவுல எட்டு வீடு நகையை வித்திருக்கு, எனக்குத் தெரியும். பணம் பெட்டிக்குள்ள படுத்துக்கினு கீது. எல்லாருக்கும் இனிமே இன்னா ஆகுமோன்னு பயம். நாளைக்கு நான் போய் உக்காந்து பேசினா, எட்டுல அஞ்சு வெளியே வரும். ஷாகிரா நிக்காஹுக்கும் நாலு பட்டு அங்கேயே எடுத்துடலாம்."

"தம்பி கடையில நானே வாங்கறதா? இந்தக் கையில எடுத்து அந்தக் கையில வெக்கறதுதானே அது?"

"அந்தக் கை இப்போ காலியா கீது. வெச்சாத்தானே அது எதையாவது தூக்கும்?"

முதலாளி எழுந்து, பெட்டியைத் திறந்தார். வளையலை நன்றாகத் துடைத்துத் திரைக்குள் கொடுத்தார். "இதை விக்கறதுக்கு நான் இன்னும் மௌத்தாகல. திரும்பிப் போற ஆள்கிட்ட அனுப்பு." பிறகு, ஷாகிராவின் கல்யாணத்துக்கென்று ஒதுக்கியிருந்த ஆயிரத்திருநூறில் முந்நூறை எடுத்து எண்ணினார். செட்டியாருக்குச் சேர்க்க நினைத்த ஆயிரம் இப்போதைக்குச் சேராது என்று அவர் வாயால் சொல்லவில்லை. எண்ணிய விதத்தில் தெரிந்தது. வட்டி இன்னும் பல மாதம் போகும். அதையும் அவர் எண்ணியிருப்பார்.

வெள்ளிக்கிழமை கடிதத்துக்கு உட்கார்ந்தோம். சலாம் எழுதினேன், சுகம் எழுதினேன். சரக்கில் பட்டுக் கலர்கள் முழுப் பக்கம் பிடித்தன. முந்நூறு ரூபாய்க்கு உண்டியல் சீட்டு வருகிறது, வாடகையும் வட்டி பாக்கியும் கட்டவும், மவுங் தின்னைத் திரும்ப வைக்கவும், விளக்கைப் பத்து மணிவரை அணைக்கக் கூடாது, இது உத்தரவு என்று எழுதினேன். பணத்துக்கு வந்தோம்.

"தம்பி வீட்டுச் செலவு இந்த மாதம் முதல் எண்பதுன்னு எழுது."

எழுதினேன். "இந்த வீட்டுக்கு?"

"நாப்பதுதான். ரெண்டும் எண்பதானா பெட்டி தாங்காது."

"நாற்பது என்று எழுதட்டுமா?"

"எழுதினே, தொலைஞ்சே. அவன் நாப்பதை எடுத்துக்கினு மீதியைத் திருப்பி அனுப்பிடுவான். எங்களுக்கும் எண்பதுன்னு எழுது."

பேனாவைக் கீழே வைத்தேன். "சாயபு, பொய் எழுதி எனக்குப் பழக்கமில்லை."

"பெரிய அவுலியா இவன்!"

"அவன் சொல்றது சரிதானே" என்றது திரை. "ஜும்ஆவுக்குப் போற நேரத்துல பொய்யா?"

முதலாளி தாடியை உருவிக்கொண்டு யோசித்தார். பள்ளிவாசலிலிருந்து பாங்கு சத்தம் கேட்டது. அவர் எழுந்து தொப்பியைப் போட்டுக்கொண்டார்.

"நம்ம வீட்டுச் செலவைப் பத்தி ஒண்ணுமே எழுதாதே. எழுதாம விட்டா பொய்யில்லையே?"

"இல்லை."

"அப்போ கையெழுத்துக்குக் குடு."

பதினேழு நாள் கழித்துப் பதில் வந்தது. முதலாளி கடையிலேயே உட்காரவைத்துப் படிக்கச் சொன்னார். திரை வழக்கத்தைவிடக் கொஞ்சம் கிட்டத்தில் இருந்தது.

வாடகை கட்டியாயிற்று. கட்டிடக்காரன், இந்தச் சந்தில் ஏற்கெனவே நாலு கடை பூட்டிக் கிடப்பதால், ஐந்து ரூபாய் குறைத்துக்கொண்டு இன்னும் ஒரு வருஷத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டான். மவுங் தின் வந்துவிட்டான். வந்த அன்றே ஏழு கைலி விற்றான். அதற்குப் பிறகு ஒன்றரைப் பக்கம் சண்டை. மயில் கழுத்து என்றால் எந்த மயில், எந்தக் கழுத்து? அண்ணன் தெருப் பெண்பிள்ளைகள் ரோஸ் என்று ஒரே பெயரில் ஐந்து கலர் கேட்கிறார்கள்; மாந்தளேக்காரன் என்னைப் பைத்தியம் என்கிறான். ஒரு பட்டில்கூட நான் நஷ்டப்பட முடியாது, கலரைத் துணியில் வெட்டி அனுப்பச் சொல்லவும்.

"ஏசறானே!" என்றார் முதலாளி. அவர் முகத்தில் அப்படியொரு சிரிப்பை நான் ஒரு வருஷமாகப் பார்க்கவில்லை. "ஒரு வருஷமா சுகம் சுகம்னு எழுதிக்கினு இருந்தவன், ஏசறான் பாரு. மேலே படி."

கடைசியில் பணம்.

"அண்ணன் அவர்கள் எங்கள் வீட்டுச் செலவுக்கு எண்பது என்று எழுதியிருப்பது கண்டேன். எடுத்துக்கொண்டோம். பிள்ளைகளுக்குப் பால் ஊற்றச் சொல்லிவிட்டோம். தங்கள் வீட்டுக்கு எவ்வளவு என்று எழுதியிருக்கவில்லை. உமர் ஃபாரூக் இதுவரை ஒரு கடிதத்திலும் ஒரு தொகையையும் விட்டதில்லை. அதனால் நான் கேட்கவில்லை."

கடித உறையை முதலாளி வாங்கி உள்ளே விரலை விட்டுப் பார்த்தார். பத்து ரூபாய் நோட்டு இல்லை. காலி உறையை மடித்து, அவர் தன் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, "இன்னா ஆக்கியிருக்கே இன்னைக்கு? பசிக்குது" என்று திரையைப் பார்த்துக் கேட்டார்.